ஒடிலின் முதுகு

சிரித்துவிடாதே. இப்போது சிரித்தால் அவர்கள் ஏமாந்து போவார்கள். பெர்த்ரான் சமையலறை வாசலில் வந்து நின்று, என்ன ஆச்சு உனக்கு என்பதுபோலக் கைகளை விரிப்பான். அதைவிட முகத்தை இப்படியே வைத்துக்கொள்வது சுலபம். புருவத்தை மட்டும் கொஞ்சம் இறக்கு. இப்போது ரொட்டிக் கூடையைப் போடு.

ஒடில் ரொட்டிக் கூடையை மேசைமேல் போட்டாள். ஒரு துண்டு துள்ளி விழுந்து மேசை விளிம்பில் நின்றது. சுற்றி உட்கார்ந்திருந்த ஐந்து பேரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். எந்த ஊர்க்காரர்கள் என்று அவள் இப்போதெல்லாம் கேட்டுக்கொள்வதில்லை. அவர்களில் மஞ்சள் சட்டை போட்டவர் கைபேசியை எடுப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டிருந்தது. அவர் விரலைக் காற்றில் சுழற்றிக் காட்டினார். மறுபடியும் ஒருமுறை.

அவள் கூடையைத் தூக்கி மறுபடியும் ஒருமுறை போட்டாள்.

கல்லாவை ஒட்டிய உயரமான நாற்காலியில் மெஸ்யூ ஃபெர்னான் உட்கார்ந்திருந்தார். மெட்ரோ ரயில் ஓட்டி ஓய்வுபெற்றவர். மதியத்தில் அவரும் அவருடைய சிவப்பு ஒயினும் அந்த இடத்தில் இல்லாத நாள் கிடையாது.

"ஏம்மா ஒடில், அடுத்த தடவை சூப்பைத் தலையிலயே கவுத்திடு. இன்னும் கூட்டம் வரும்."

"உங்க தலையிலதான் கவுக்கணும். தடுக்க ஒரு முடிகூட இல்ல, நேரா வழிஞ்சிடும்."

"பாத்தியா? இவங்கல்லாம் கடல் தாண்டி வந்து வாங்கிக்கிற திட்டு. எனக்கு உக்காந்த இடத்துலயே கிடைக்குது."

அவள் உதடு லேசாக விரிந்தது. உடனே முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். பொதுவில் சிரிப்பதை மறைக்க வேண்டிய நிலைக்கு ஒரு மனுஷி வந்து சேர முடியும் என்று ஒரு வருடத்துக்கு முன்னால் யாராவது சொல்லியிருந்தால் அவள் நம்பியிருக்க மாட்டாள்.

கால்வாயைப் பார்த்தபடி இருக்கும் சின்ன உணவகம் அது. வெளியே, அன்றைய சமையலை எழுதிவைக்கும் கரும்பலகைக்குப் பக்கத்தில், ஒரு வருடமாக இன்னொரு பலகை நிற்கிறது. பாரிஸிலேயே மிகவும் மரியாதை தெரியாத பரிமாறுபவள் இங்கேதான் என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறது. கீழே ஒரு பெண்ணின் முதுகு. கறுப்பு உடை, வெள்ளை ஏப்ரனின் முடிச்சு, தூக்கிக் கட்டிய முடி. அது ஒடிலின் முதுகு. போன வருடம் இணையத்தில் ஒரு காணொளி வரும்வரை அவளே அதைப் பார்த்ததில்லை. தன் முதுகை யார்தான் பார்த்திருக்கிறார்கள்?

"ஒடில், இங்க வா கொஞ்சம்," என்று பெர்த்ரான் சமையலறைக்குள்ளிருந்து கூப்பிட்டான்.

அவனும் அவளும் இளவயதில் ரயில் நிலையத்துக்கு எதிரே ஒரு பெரிய உணவகத்தில் ஒன்றாகத் தட்டு சுமந்தவர்கள். இந்தக் கடையை வாங்கியபோது அவன் முதலில் கூப்பிட்டது அவளைத்தான். அதனால்தான் அவனை முதலாளி என்று அழைத்தால் இருவருக்குமே சிரிப்பு வரும். அதனால்தான் அவனிடம் எதையும் மறுத்துச் சொல்வதும் கஷ்டமாக இருந்தது.

"அவ வர்றா," என்றான்.

"யாரு?"

"அந்த அமெரிக்காக்காரி. ஷெல்பி. உன் முதுகைப் படம் பிடிச்சுப் போட்டவ. இன்னிக்கி கூட்டம் குறையறப்போ வர்றேன்னு எழுதியிருக்கா."

"எப்ப எழுதினா?"

"போன வாரம்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா இன்னிக்கி உனக்குக் காய்ச்சல் வந்திருக்கும்."

வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த சமையல்காரன் சமீர் தலை நிமிராமலே, "எனக்கே வந்திருக்கும்," என்றான்.

"நீ வாயை மூடு. ஒடில், கேளு. அவ உன்னை மன்னிக்க வர்றாளாம். வந்து உக்காருவா, சாப்பிடுவா, அப்புறம் உன்னைக் கட்டிப்பிடிப்பா. நீயும் கட்டிப்பிடி. அன்னிக்கி நடந்ததுக்கு வருத்தப்படறேன்னு ஒரு வார்த்தை சொல்லு. அவ கூட வர்ற பொண்ணு படம் எடுத்துக்கும். அவ்வளவுதான்."

"எதுக்கு வருத்தப்படணும்?"

"எதுக்கோ! உலகத்துல பாதிப் பேர் எதுக்குன்னு தெரியாமதான் வருத்தப்படறேன்னு சொல்லிட்டுத் திரியறான்." பிறகு குரலைத் தாழ்த்தினான். "பலகையை எடு, எடுன்னு கேட்டுக்கிட்டே இருந்தியே. இதைப் பண்ணு. சாயங்காலமே என் கையால எடுத்துடறேன். அதுக்கப்புறம் ரொட்டியைப் போட வேண்டாம், கண்ணை உருட்ட வேண்டாம். பழையபடி இரு."

பழையபடி. ஒடில் இரண்டு தட்டுகளை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

பழையபடி என்றால் எப்படி இருந்தாள்? தட்டுகளை வைத்தபடியே யோசித்துப் பார்த்தாள். அந்த முகம் நினைவுக்கு வரவில்லை. பழைய வீட்டின் சாவியைப் போல அது எங்கோ இருக்க வேண்டும், எந்த இழுப்பறை என்றுதான் தெரியவில்லை. காலையில் ரொட்டிக் கடைக்குப் போனால், போன்ஜூர் என்று அவள் சொல்லி முடிப்பதற்குள் கடைக்காரி கைகளை உயர்த்தி, "ஐயோ, திட்டிடாதீங்க!" என்கிறாள். கடைக்காரிக்கு அது அன்பு. நாந்த் நகரில் இருக்கும் மகள் கல்யாணப் பேச்சின்போது தொலைபேசியில் சொன்னாள்: "அம்மா, அவங்க வீட்டுல எல்லாரும் உன்னைப் பாக்கணும்னு துடிக்கிறாங்க. வந்தா கொஞ்சம் அது மாதிரி பண்ணிக் காட்டேன்." மின்தூக்கியில் மேல்மாடிக்காரர் அவளுக்குக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றால், நன்றி என்று சொல்வதற்கு முன் எந்தக் குரலில் சொல்வது என்று அவளுக்கு ஒரு கணம் தடுமாறுகிறது.

கோடையில் ஒரு நாள், நீளமான மேசையில் உட்கார்ந்திருந்த ஒருவன் அவள் இடுப்பில் கைவைத்தான். "கையை எடுங்க," என்றாள். அது நடிப்பு இல்லை. அவளுடைய சொந்தக் குரல், அடிவயிற்றிலிருந்து வந்தது. மேசை முழுக்கக் கைதட்டியது. அவன் எழுந்து நின்று தலைகுனிந்து வணங்கி, இன்னொரு முறை கையை நீட்டினான். அவள் தட்டைப் போட்டுவிட்டுச் சமையலறைக்குள் போனாள். அதற்கும் கைதட்டினார்கள். "அவனுக்கு எங்க தெரியும், நீ நெஜமா சொல்றேன்னு?" என்று பெர்த்ரான் சமாதானம் சொன்னான். அதுதானே, எப்படித் தெரியும்? அன்று இரவு படுத்துக்கொண்டு அவள் அதையே நினைத்துக்கொண்டிருந்தாள். கோபத்தை விற்றுவிட்ட பிறகு கோபம் வந்தால் எதைக் காட்டுவது?

அந்தக் காணொளியில் இருப்பது இவ்வளவுதான். ஜன்னலோர மேசையில் ஓர் இளம்பெண்ணின் அழுது வீங்கிய முகம். பிறகு கைபேசி திரும்புகிறது. கல்லாவில் கண்ணாடிக் குவளை துடைக்கும் ஒருத்தியின் முதுகு. நான் இங்கே அழுதுகொண்டிருக்கிறேன், இவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, பில்லைக்கூடக் கொண்டுவரவில்லை, இதுதான் பிரான்ஸ், என்கிறது குரல். முதுகு அசையவில்லை. ஊர் ஊராக அதைப் பார்த்தார்கள்.

அதில் இல்லாதது ஒடிலுக்கு மட்டும் தெரியும். அன்று அந்தப் பெண்ணின் தோள் குலுங்குவதைக் கண்டதும் தட்டை ஓசையில்லாமல் எடுத்தாள். தண்ணீர்க் குடுவையை நிரப்பி அவள் கைக்கு எட்டும் இடத்தில் வைத்தாள். பக்கத்து மேசைக்கு வந்த தம்பதியை உள்ளே தூரத்தில் உட்காரவைத்தாள். ஃபெர்னானிடம் குரலைக் குறைக்கச் சொன்னாள். பிறகு திரும்பி நின்றுகொண்டாள். அழுகிறவர்களுக்கு இந்த ஊரில் ஒருவர் கொடுக்கக் கூடியது அதுதான். பில்லை எடுத்துப் போய் வைத்தால் போதும், எழுந்து போ என்று சொன்ன மாதிரி. கேட்காமல் அதைக் கொண்டுபோகிறவள் பரிமாறத் தெரியாதவள்.

அவளுக்கு அதைக் கற்றுக்கொடுத்தது வேலை மட்டும் இல்லை. கணவன் ரெமி இறந்த அன்று, மருத்துவமனையை விட்டு வெளியே வந்து எதிரே இருந்த உணவகத்தில் அவள் போய் உட்கார்ந்தாள். எதுவும் கேட்கவில்லை. ஒரு வயதான பரிமாறுபவர் தண்ணீரைக் கொண்டுவந்து வைத்தார். பிறகு அவளுக்கும் மற்ற மேசைகளுக்கும் நடுவில், தெருவைப் பார்த்தபடி, அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். அங்கிருந்து எழுந்து நடக்க முடியும் என்று தோன்றும்வரை அவள் அந்த முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். அவர் முகம் அவளுக்குத் தெரியாது. முதுகை எங்கே பார்த்தாலும் அடையாளம் சொல்வாள்.

கூட்டம் மெல்லக் குறைந்தது. அந்த ஐந்து பேர் மட்டும் பழத்துண்டு கேக்கை வைத்துக்கொண்டு இன்னும் ஏதாவது கிடைக்குமா என்று உட்கார்ந்திருந்தார்கள். கதவு திறந்தது.

"போன்ஜூர் மதாம்."

வந்தவள் வாசலிலேயே நின்றாள். பதிலுக்குக் காத்திருந்தாள். ஒரு வருடத்தில் ஒரு வெளியூர்க்காரியும் அப்படிக் காத்திருந்ததில்லை. அந்த வீங்கிய முகத்தை மட்டுமே பார்த்திருந்ததால் ஒடிலுக்கு அடையாளம் பிடிபடச் சற்று நேரமானது. சிவந்த முடி, குழந்தைத்தனமான நெற்றி. பின்னால் அவள் சாயலில் இன்னொருத்தி.

"போன்ஜூர் மதாம்," என்றாள் ஒடில்.

"நான் ஷெல்பி. இவள் என் தங்கை. நான் ஓராண்டாக உங்கள் மொழியைக் கற்று வருகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்." ஒவ்வொரு சொல்லையும் இஸ்திரி போட்டு மடித்துக் கொண்டுவந்திருந்தாள். "இயலுமாயின், அதே மேசையில் அமர விரும்புகிறோம்."

"இயலும்," என்றார் ஃபெர்னான், குவளைக்குள். ஒடில் அவரைப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டார்.

இவளை வெறுக்கலாம் என்று அவள் நினைத்து வைத்திருந்தாள். வெறுப்பதற்கு இடம் கொடுக்காமல் அந்தப் பெண் எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தாள். கரும்பலகையைப் படித்துக் கேட்டாள். தயவுசெய்து என்றாள். தட்டு வந்ததும் நன்றி என்றாள். ஒடில் பழைய கைகளால் பரிமாறினாள். கூடையை வைத்தபோது ஓசை வரவில்லை. மஞ்சள் சட்டைக்காரர் அதைப் பார்த்துவிட்டு, இவர்களுக்கு மட்டும் என்ன என்பதுபோல உதட்டைப் பிதுக்கினார்.

கன்றுக்கறி தீர்ந்த பிறகு ஷெல்பி நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிக்கொண்டாள்.

"அன்று என் அண்ணன் இறந்த செய்தி வந்தது. இந்த மேசையில். தொலைபேசியில் சொன்னவள் இவள்தான்."

"அச்சச்சோ. ரொம்ப வருத்தமா இருக்கு மதாம்."

அந்தச் சொல் தானாக வந்தது. பெர்த்ரான் கேட்ட அதே சொல். தங்கையின் கைபேசி அப்போது மேசைமேல் கவிழ்ந்து கிடந்தது என்பதைப் பார்த்து ஒடிலுக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதிக்காக வெட்கமாகவும் இருந்தது.

"நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். எனக்குத் தெரியும், பார்த்தீர்கள். பிறகு திரும்பிக்கொண்டீர்கள். எங்கள் ஊரில் என்றால் ஓடி வந்து அணைத்துக்கொள்வார்கள். உலகத்திலேயே யாரும் இல்லாதது போல் இருந்தது. கோபத்தில் படம் எடுத்தேன். பிறகு அது என் கையை விட்டுப் போய்விட்டது. உங்களை எத்தனையோ பேர் ஏசினார்கள். அது எனக்கு நல்லதாகப் படவில்லை. நான் உங்களை மன்னித்துவிட்டேன் என்று எல்லோருக்கும் சொல்ல வந்தேன்."

பெர்த்ரான் கல்லாவுக்குப் பின்னால் வந்து நின்றிருந்தான். சமீர்கூட வாசலில் நின்றான்.

சொல்லக் கூடாது என்று நினைத்தாள். ஆனால் அந்த நெற்றியைப் பார்த்தபோது, இந்தப் பெண் இன்னும் ஒரு வருடம், இன்னும் பல வருடம், அந்த மேசையில் தான் தனியாகக் கிடந்ததாகவே நினைத்துக்கொண்டிருப்பாளே என்று தோன்றியது.

"நீங்க அழுதீங்க. அழறவங்களை உத்துப் பாக்கக் கூடாது. அதான் திரும்பிக்கிட்டேன். பில்லைக் கொண்டுவந்து வெச்சா உங்களை வெளிய அனுப்பற மாதிரி. நீங்க எங்க போவீங்க? அதான் கொண்டுவரல. பக்கத்துல யாரையும் உக்காரவும் விடல."

வேகமாகப் பேசிவிட்டாள். ஷெல்பியின் உதடுகள் சொற்களை ஒவ்வொன்றாக அடுக்கிப் பார்த்தன. ஒடில் மெதுவாக மறுபடியும் சொன்னாள். இந்த முறை ஷெல்பியின் கண்கள் நிறைந்தன. தங்கையிடம் திரும்பி ஆங்கிலத்தில் ஏதோ சொன்னாள். தங்கை நெஞ்சில் கைவைத்துக்கொண்டாள்.

ஒடிலுக்கு உள்ளே எங்கோ ஒரு தாழ்ப்பாள் நகர்ந்த மாதிரி இருந்தது. போதும். ஒருத்திக்குத் தெரிந்துவிட்டது. தெரிய வேண்டியவளுக்கே தெரிந்துவிட்டது. இனி அந்தப் பலகை இருந்தால் என்ன, போனால் என்ன.

"இதைச் சொல்லுங்கள்!" என்றாள் ஷெல்பி. அவள் முகம் ஒளிர்ந்தது. "இதையே. இப்படியே. மிக அழகாக இருக்கிறது. எல்லோரும் அழுவார்கள். நீங்கள் இதைச் சொல்லுங்கள், பிறகு நாம் கட்டிக்கொள்வோம்."

தங்கை கைபேசியைத் தூக்கிவிட்டிருந்தாள். அந்தச் சின்ன வட்டக் கண் ஒடிலைப் பார்த்தது.

அவளுக்கு எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. அந்தப் பலகை சாயங்காலம் போகும். இன்னொரு பலகை வரும். வருகிறவர்கள் இந்த ஜன்னலோர மேசைக்காகக் காத்திருப்பார்கள். உட்கார்ந்து அழுது காட்டுவார்கள். அவள் தண்ணீர்க் குடுவையை வைத்துவிட்டு, அவர்களுக்குப் பிடித்த மாதிரி அளவாகத் திரும்பி நிற்க வேண்டும். மறுபடியும் ஒருமுறை என்று விரலைச் சுழற்றுவார்கள். கோபம் போன வழியில் இதுவும் போகும். பிறகு நிஜமாகவே ஒருத்தி அங்கே உட்கார்ந்து அழுதால், அவளுக்குக் காட்ட எந்த முதுகு மிச்சமிருக்கும்?

"ஒடில்," என்றான் பெர்த்ரான் மெதுவாக. "சும்மா ஒரு வார்த்தை. இப்ப சொன்னதைத்தானே கேக்கறா. உன் பேரும் சுத்தமாயிடும்."

"வேண்டாம்," என்றாள்.

மஞ்சள் சட்டைக்காரர் மேசையைத் தட்டிச் சிரித்தார். இதோ, வந்துவிட்டது! மற்ற நால்வரும் கைதட்டினார்கள். ஷெல்பி புரியாமல் அவர்களையும் ஒடிலையும் மாறிமாறிப் பார்த்தாள்.

எவ்வளவு சத்தமாகச் சொன்னாலும் அது அவர்களுக்கு நடிப்பாகத்தான் போய்ச் சேரும். ஒடில் குனிந்தாள். கைபேசிக்குக் கேட்காத அளவுக்குக் குரலை இறக்கினாள்.

"இல்ல மதாம். நான் இதைப் பண்ண மாட்டேன்."

"என்மேல் கோபமா?"

"கோபம் இல்ல. அன்னிக்கி நான் செஞ்சது உங்களுக்கு. இவங்களுக்கு இல்ல."

ஷெல்பியின் உதடுகள் மறுபடியும் அசைந்தன. புரிந்ததா என்று ஒடிலுக்குத் தெரியவில்லை. தங்கையின் கை தாழவில்லை.

"அப்ப பலகை?" என்றான் பெர்த்ரான்.

"அது உன் பலகை."

காலியாகியிருந்த தண்ணீர்க் குடுவையை எடுத்துப் போய் நிரப்பிக் கொண்டுவந்தாள். ஷெல்பியின் கைக்கு எட்டும் இடத்தில் வைத்தாள்.

"எவ்வளவு நேரம் வேணும்னாலும் உக்காருங்க," என்றாள். "பில் நீங்க கேக்கறப்போ கொண்டுவர்றேன்."